அடுத்த அறை அக்காவும் என் 127.0.0.1-உம்

போன வாரம் எங்கள் ஊர்ப் பசங்க இருக்கும் பெங்களூரு வாட்ஸ்அப் குழுவில் ஒரு தம்பியைப் போட்டு வறுத்து எடுத்துவிட்டார்கள். வேலைக்குச் சேர்ந்து 5 மாதம்தான் ஆகிறது. அவன் ஏற்றிய டெஸ்ட் சர்வரில் ரெடிஸ் என்ற தரவுத்தளம் ஊருக்கே திறந்து கிடந்திருக்கிறது. யாரோ உள்ளே வந்து எல்லாவற்றையும் துடைத்துவிட்டுப் பணம் கேட்டு ஒரு குறிப்பையும் வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். "இதுகூடத் தெரியாமலா வேலைக்கு வந்தே", "காலேஜ்ல என்ன கிழிச்சே" என்று ஆளாளுக்கு ஒரு வாளி தண்ணீர் ஊற்றினார்கள். அவன் பாவம், ஒரு கும்பிடு ஸ்மைலியைப் போட்டுவிட்டு அடங்கிவிட்டான்.

நான் அங்கே ஒன்றும் பேசவில்லை. பேசியிருக்க வேண்டும், ஏனென்றால் அதே தப்பை நான் 4 வருட அனுபவத்தோடு செய்தவள். அதனால் இங்கே எழுதுகிறேன்.

2023-இல் நான் பிடிஎம் லேஅவுட்டில் ஒரு பெண்கள் பிஜியில் இருந்தேன். நான்கு மாடி, 40 பேர், எல்லோருக்கும் சேர்த்து ஒரே வைஃபை. ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் அடுத்த அறை அக்கா கதவைத் தட்டினார். நாகர்கோவில்காரர், நெட்வொர்க் வேலை. வைஃபை ஏன் இப்படி இழுக்கிறது, எத்தனை பேர் தொங்குகிறார்கள் என்று பார்க்க என்மேப் என்ற நெட்வொர்க்கைத் துழாவும் கருவியை ஓட்டியிருக்கிறார். "மக்களே, உன் லேப்டாப்புல ரெடிஸ் ஓடுதா? தொறந்து கெடக்கு, பாத்துக்கோ."

எனக்குச் சிரிப்பு வந்தது. ஃபயர்வால் போட்டிருக்கிறேன் அக்கா என்று, யூஎஃப்டபிள்யூ என்ற லினக்ஸ் ஃபயர்வாலின் நிலையைக் காட்டினேன். உள்ளே வருவது எல்லாம் மறுப்பு, 22-ஆம் போர்ட் (சேவைகளுக்கான எண் போட்ட வாசல்) மட்டும் அனுமதி. பச்சைப் பிள்ளைகூடப் படித்துப் புரிந்துகொள்ளும் பட்டியல். அவர் பதில் சொல்லாமல் தன் லேப்டாப்பைத் திருப்பி வைத்து என் ஐபிக்கு ஒரு பிங் கட்டளை அடித்தார். என் ரெடிஸ் 'பாங்' என்றது.

அதற்குள் இருந்தது அலுவலகத் தரவு இல்லை, அதைவிட மோசம். திண்டுக்கல்லில் அம்மா நடத்தும் மகளிர் சுயஉதவிக் குழுவுக்காக நான் எழுதிக்கொண்டிருந்த சின்னக் கணக்குச் செயலி. யாருக்கு எத்தனை தவணை பாக்கி என்பது எங்கள் தெருவிலேயே ரகசியம். அது பிடிஎம் லேஅவுட் பிஜியின் மூன்றாம் மாடிக்குத் தெரிந்துவிட்டது.

என்ன நடந்தது என்று அக்காதான் தரையில் உட்கார்ந்து விளக்கினார். நான் ரெடிஸை ஓட்டியது டாக்கரில், செயலிகளைக் கண்டெய்னர் என்ற தனிப் பெட்டிகளுக்குள் ஓட்டும் கருவி அது. எந்தெந்தக் கண்டெய்னர் ஓட வேண்டும் என்று எழுதும் காம்போஸ் கோப்பில், கணினியின் 6379 போர்ட்டைக் கண்டெய்னரின் 6379-உடன் இணைக்கும் '6379:6379' என்று ஒரு வரி இருந்தது. எங்கிருந்து எடுத்தேன் என்று எனக்கே நினைவில்லை, எல்லோரும் எழுதும் வரிதான் அது. போர்ட்டுக்கு முன்னால் முகவரி எழுதாவிட்டால் டாக்கர் அதை 0.0.0.0 என்று எடுத்துக்கொள்ளும். அதாவது அந்தக் கணினியின் எல்லா நெட்வொர்க் முகங்களிலும் திறக்கும், ஐபிவி6 பக்கமும் சேர்த்து. என் லேப்டாப்புக்குள் நான் மட்டும் பார்க்க '127.0.0.1:6379:6379' என்று எழுதியிருக்க வேண்டும். 127.0.0.1 என்பது கணினி தன்னையே கூப்பிடும் முகவரி, லூப்பேக் என்றும் லோக்கல்ஹோஸ்ட் என்றும் சொல்வார்கள். வித்தியாசம் பத்தே எழுத்து.

சரி, ஃபயர்வால் என்ன செய்தது? அது தூங்கவில்லை, அதைக் கேட்கவே இல்லை. லினக்ஸில் ஒரு பாக்கெட் (நெட்வொர்க்கில் வரும் தரவுத் துண்டு) உள்ளே வந்ததும் முதலில் ப்ரீரவுட்டிங் என்ற இடத்தைத் தாண்டுகிறது. டாக்கர் அங்கேயே உட்கார்ந்துகொண்டு, 6379-க்கு வந்த பாக்கெட்டின் சேருமிடத்தைக் கண்டெய்னரின் முகவரிக்கு மாற்றி எழுதிவிடுகிறது. அதன்பிறகுதான் லினக்ஸின் மையமான கர்னல் 'இது எனக்கா, வேறு யாருக்காவதா' என்று முடிவு செய்யும். சேருமிடம் மாறிவிட்டதால் 'வேறு யாருக்கோ' என்று ஃபார்வர்டு வழியில் தள்ளிவிடும். யூஎஃப்டபிள்யூவில் நான் எழுதிய விதி இருப்பதோ இன்புட் வழியில். வாட்ச்மேன் முன் கேட்டில் நிற்கிறார், பாக்கெட் கொல்லைப்புறமாகப் போய் அடுப்படியில் உட்கார்ந்துவிட்டது. இது ஒன்றும் ரகசியம் இல்லை, டாக்கரின் ஆவணத்திலேயே இருக்கிறது. அந்தப் போக்குவரத்தை வடிகட்ட டாக்கர்-யூசர் என்று தனிச் சங்கிலி வைத்திருக்கிறார்கள். ஆனால் ஃபயர்வால் போட்டவள் நிம்மதியாகத் தூங்குவாளா, ஆவணத்தின் அந்தப் பக்கத்தைத் தேடிப் படிப்பாளா?

ரெடிஸுக்குச் சொந்தமாக ஒரு பாதுகாப்பு உண்டு என்பதுதான் இதில் எனக்குப் பிடித்த கொடுமை. 2016-இல் வந்த 3.2 பதிப்பிலிருந்து, கடவுச்சொல் இல்லாமல் எல்லா முகவரியிலும் திறந்து வைத்தால் வெளியாட்களுக்குப் பதில் சொல்ல மறுக்கும். ஆனால் அதிகாரப்பூர்வ ரெடிஸ் கண்டெய்னர் பிம்பத்தில் (கண்டெய்னரை உருவாக்கும் அச்சு) அந்தப் பாதுகாப்பை அணைத்தே தருகிறார்கள். பக்கத்துக் கண்டெய்னர்கள் எளிதாகப் பேச வேண்டுமே! மோங்கோடிபி என்ற தரவுத்தளத்திலும் இதே கதைதான். 2017 ஜனவரியில் திறந்து கிடந்த மோங்கோ சர்வர்களை ஆயிரக்கணக்கில் துடைத்துப் பணம் கேட்டார்கள். அதே ஆண்டு வந்த 3.6 பதிப்பிலிருந்து அது தானாகவே லோக்கல்ஹோஸ்ட்டில் மட்டும் கேட்கத் தொடங்கியது. கண்டெய்னர் பிம்பமோ மறுபடி எல்லா முகவரிக்கும் திறக்கிறது. அதற்கும் நியாயம் இருக்கிறது, கண்டெய்னரின் உள்ளே இருக்கும் லூப்பேக் அந்தக் கண்டெய்னருக்கு மட்டுமே சொந்தம், அங்கே மட்டும் கேட்டால் வெளியிலிருந்து யாராலும் பேச முடியாது. செயலியை எழுதியவர் 'வெளியே திறப்பது என் வேலை இல்லை' என்கிறார், பிம்பம் செய்தவர் 'டாக்கர் பார்த்துக்கொள்ளும்' என்கிறார், டாக்கர் 'நீ போர்ட் கேட்டாய், திறந்தேன்' என்கிறது. ஒவ்வொருவர் சொல்வதும் தனித்தனியாகச் சரிதான். கடைசியில் திட்டு வாங்குவது அந்தத் தம்பி.

கதை இன்னும் முடியவில்லை. அன்று மாலையே 127.0.0.1 சேர்த்தேன். அக்காவைக் கூப்பிட்டுக் காட்டினேன், என்மேப்பில் ஒன்றும் தெரியவில்லை. மார்தட்டிக்கொண்டேன். இரண்டு நாள் கழித்து வந்து, "இப்பவும் வருது மக்களே" என்றார்.

எனக்கு நம்பிக்கையே இல்லை. 127 என்று தொடங்கும் முகவரிகள் ஒரு கணினிக்கு வெளியே தலைகாட்டவே கூடாது என்று 1989-இல் எழுதிய ஆர்எஃப்சி 1122 என்ற இணையத் தர ஆவணம் சொல்கிறது. அப்படி ஒரு பாக்கெட் கம்பி வழியாக வந்தால் லினக்ஸ் அதைத் தூக்கி எறிந்துவிடும். அதற்கு 'மார்ஷியன்' என்று பெயர், செவ்வாய்க் கிரகத்திலிருந்து வந்தது என்று அர்த்தம். பெயர் வைத்தவர் வாழ்க. ஆனால் எறியும் இடம் எங்கே? வழித்தடம் முடிவு செய்யும் இடத்தில். டாக்கர் உட்கார்ந்திருப்பது அதற்கும் முன்னால். அக்கா தன் லேப்டாப்பில் 127.0.0.1-க்கான பாதையை என் லேப்டாப் பக்கம் திருப்பிவிட்டார். அந்தச் செவ்வாய்க் கிரகப் பாக்கெட் என் கணினிக்கு வந்தது. ப்ரீரவுட்டிங்கிலேயே அதன் சேருமிடம் 172-இல் தொடங்கும் கண்டெய்னர் முகவரியாக மாறியது. அதற்குமேல் அது மார்ஷியனே இல்லை, நல்ல குடும்பத்துப் பாக்கெட். கர்னல் வழிவிட்டது.

இதை இணையத்தின் மறுகோடியிலிருந்து செய்ய முடியாது, ஒரே சுவிட்சில், ஒரே வைஃபையில் இருக்க வேண்டும். அவ்வளவுதானே என்று தோன்றலாம். பெங்களூரில் இருப்பவர்கள் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். கோரமங்களாவில் கோவொர்க்கிங், எச்எஸ்ஆரில் ஃபில்டர் காபிக் கடை, பிடிஎம்மில் பிஜி. நாம் வேலை செய்யும் இடமெல்லாம் ஒரே சுவிட்சில் முன்பின் தெரியாத 40 பேர், அதிலும் பாதிப் பேர் ஐடி. இந்த ஓட்டையை டாக்கர் 28.0 பதிப்பில் அடைத்தார்கள், அது வந்தது 2025 பிப்ரவரியில். லூப்பேக்கில் மட்டும் திறந்த போர்ட்டுக்கு வெளி முகத்திலிருந்து ஏதாவது வந்தால் முகவரி மாற்றத்துக்கு முன்பே தள்ளிவிடுகிறார்கள். அதற்கு முந்தைய பதிப்பு இன்னும் ஓடும் இடங்களில் மேம்படுத்துங்கள், வேறு வைத்தியம் தேடி நேரத்தை வீணாக்க வேண்டாம்.

டாக்கரை மட்டும் குறைசொல்ல முடியாது. பல கணினிகளில் கண்டெய்னர்களை நிர்வகிக்கும் குபர்னெட்டீஸில் இதைவிடப் பெரிய கூத்து நடந்தது. நோட்போர்ட்டை (ஒவ்வொரு கணினியிலும் ஒரு சேவைக்காகத் திறக்கும் போர்ட்) லோக்கல்ஹோஸ்ட்டிலும் வேலை செய்ய வைக்க, அதன் நெட்வொர்க் பகுதியான கியூப்-ப்ராக்ஸி கர்னலின் ரூட்-லோக்கல்நெட் அமைப்பை இயக்கிவைத்தது. அதன் அர்த்தமே '127 முகவரிப் பாக்கெட்டுகளை இனி எறியாதே' என்பதுதான். விளைவு, அந்தக் கணினியில் லூப்பேக்கில் மட்டும் கேட்டுக்கொண்டிருந்த சேவைகளைப் பக்கத்துக் கணினிகளும் தொட முடிந்தது, கண்டெய்னருக்குச் சம்பந்தமே இல்லாதவை உட்பட. 2020-இல் சிவிஈ-2020-8558 என்ற பாதுகாப்புக் குறை எண்ணில் வெளியிட்டு, 1.18.4, 1.17.7, 1.16.11 பதிப்புகளில் சரிசெய்தார்கள். அடுத்த ஆண்டு டாக்கர் போன்ற இன்னொரு கருவியான பாட்மனில் இன்னொன்று: ரூட் (நிர்வாகி) அனுமதி இல்லாமல் ஓடும் கண்டெய்னர்களுக்குள், எங்கிருந்தோ வந்த இணைப்புகூட 127.0.0.1-லிருந்து வந்ததுபோலத் தெரிந்தது. 'உள்ளூர்க்காரன் வந்தால் கடவுச்சொல் வேண்டாம்' என்று எழுதிவைத்த செயலிக்கு, உலகமே உள்ளூர்க்காரன் ஆகிவிட்டது.

என் வாதம் இதுதான். போர்ட் திறக்கும் கருவி எதுவாக இருந்தாலும், முகவரி சொல்லாவிட்டால் லூப்பேக்கில் மட்டும் திறக்க வேண்டும். இது ஒன்றும் புதுமையான ஆசை இல்லை. தொலைவிலுள்ள கணினிக்குள் நுழைய உதவும் எஸ்எஸ்எச்சில் 'எல்' போட்டு போர்ட் ஃபார்வர்டு செய்தால் லூப்பேக்கில்தான் திறக்கும், ஊருக்குத் திறக்க வேண்டுமென்றால் தனியாகக் கேட்க வேண்டும். குபர்னெட்டீஸின் கியூப்சிடிஎல் போர்ட்-ஃபார்வர்டும் லோக்கல்ஹோஸ்ட்தான், வெளியே காட்ட முகவரியை எழுத வேண்டும். திறப்பவர் ஒரு வார்த்தை கூடுதலாக எழுதட்டும், மூடுபவர் ஏன் எழுத வேண்டும்? டாக்கரில் போர்ட் திறக்கப் போடும் 'பி' என்றால் பப்ளிஷ், வெளியிடு என்றுதானே அர்த்தம், சர்வருக்காகச் செய்த கருவி அது என்று அக்காவே என்னிடம் வாதாடியிருக்கிறார். ஒப்புக்கொள்கிறேன். ஆனால் இன்று அதை அதிகம் அடிப்பது லேப்டாப்பில், ரெடிஸுக்கும் போஸ்ட்கிரெஸுக்கும், எங்களைப் போன்றவர்கள்.

டிஃபால்ட் மாறும்வரை கைவேலைதான். இதில் நான் விழுந்த ஒரு குழியைச் சொல்லிவிடுகிறேன். பின்னணியில் ஓடும் டாக்கர் டீமனின் அமைப்புக் கோப்பில் 'ஐபி' என்ற இடத்தில் 127.0.0.1 போட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று பலர் எழுதியிருக்கிறார்கள். அது டாக்கர் தானாகத் தரும் நெட்வொர்க்கான டிஃபால்ட் பிரிட்ஜுக்கு மட்டும்தான் பொருந்தும். காம்போஸ் ஒவ்வொரு திட்டத்துக்கும் தனி நெட்வொர்க் உண்டாக்கிக்கொள்ளும், அங்கே இந்த அமைப்பு செல்லாது. அதற்கு டிஃபால்ட் நெட்வொர்க் விருப்பங்கள் என்ற பகுதியில், பிரிட்ஜுக்குக் கீழே, ஹோஸ்ட் பைண்டிங் ஐபிவி4 என்பதை 127.0.0.1 ஆக்க வேண்டும். நான் முதலாவதை மட்டும் போட்டுவிட்டு ஒரு மாதம் நிம்மதியாக இருந்தேன்.

இன்னும் உருப்படியான வழி, அந்த போர்ட் வரியையே அழிப்பது. ஒரே காம்போஸ் கோப்பில் இருக்கும் கண்டெய்னர்கள் சேவையின் பெயரைச் சொல்லியே பேசிக்கொள்ளும், அதற்கு போர்ட் திறக்கத் தேவையில்லை. என் கோப்பில் 4 போர்ட் வரிகள் இருந்தன. தேவைப்பட்டது ஒன்றே ஒன்று, வெப் சர்வருக்கு. மற்ற மூன்றும் 'எதற்கும் இருக்கட்டும்' வகை. நம் வீட்டுப் பரணில் இருக்கும் பழைய பிரஷர் குக்கர் மாதிரி.

அப்புறம், திறந்திருக்கிறதா என்று சொந்தக் கணினியிலிருந்து பார்க்காதீர்கள். அங்கிருந்து எல்லாமே திறந்துதான் தெரியும். எஸ்எஸ் கட்டளையில் எந்த முகவரியில் கேட்கிறது என்று பார்க்கலாம், ஆனால் அக்கா காட்டிய வித்தை அதில் தெரியாது. வேறொரு கணினியிலிருந்து தட்டிப் பாருங்கள். லூப்பேக்கில்தானே இருக்கிறது என்று கடவுச்சொல் போடாமல் விடவும் வேண்டாம். அம்மாவின் தவணைக் கணக்குக்கு இப்போது கடவுச்சொல் இருக்கிறது, அம்மாவுக்கு அது பிடிக்கவில்லை என்பது வேறு விஷயம்.

இப்போது வேலை செய்யும் இடத்தில், முகவரி இல்லாத போர்ட் வரி இருந்தால் நிரலை ஏற்க மறுக்கும் ஒரு சின்னச் சோதனையை வைத்திருக்கிறேன். முதல் வாரமே ஒருவர் சண்டைக்கு வந்தார். ஃபோனிலிருந்து சோதிக்க முடியவில்லையாம். நியாயம்தான், தன் வைஃபை முகவரியை எழுதிக்கொள்ளச் சொன்னேன். எழுதினார், வேலை செய்தது, முணுமுணுப்பு மட்டும் நிற்கவில்லை.

அந்தத் தம்பிக்குத் தனியாக ஒரு செய்தி அனுப்பினேன். மேலே சொன்ன கதையைச் சுருக்கி, உன் வீட்டு லேப்டாப்பிலிருந்து உங்கள் டெஸ்ட் சர்வரை ஒருமுறை தட்டிப் பார், முதலில் உன் லீடிடம் அனுமதி வாங்கிவிட்டுச் செய் என்று எழுதியிருந்தேன். நேற்று இரவு பதில் வந்தது. இன்னும் 4 போர்ட் திறந்திருக்கிறதாம். அதில் மூன்று, அவன் வேலைக்குச் சேர்வதற்கு முன்பே யாரோ எழுதி வைத்தவை.