முகவரி இல்லாதவருக்கும் ஓட்டு உண்டு

"பிளாட்பாரத்தில் படுப்பவருக்கு முகவரிச் சான்று கிடையாது, அதனால் வாக்காளர் பட்டியலில் சேரவே முடியாது" என்று சிலர் சொல்வது தவறு. இதை நம்பி யாரும் விண்ணப்பிக்காமல் இருந்துவிடக் கூடாது. பட்டியலில் புதிதாகப் பெயர் சேர்க்கும் விண்ணப்பமான படிவம் 6-இல் இரவு தூங்கும் இடத்தை எழுதினால் போதும். வாக்குச்சாவடி நிலை அலுவலர் இரவில் நேரில் வந்து, விண்ணப்பித்தவர் அங்குதான் தூங்குகிறாரா என்று பார்க்க வேண்டும். ஒரே இரவோடு நிறுத்தாமல் மறுபடியும் வர வேண்டும் என்பது தேர்தல் ஆணையத்தின் விதி. உறுதியானால் முகவரிச் சான்று தேவையில்லை. வயதுக்கான விவரம் தனி, அதைக் கேட்பார்கள்.

சிக்கல் வருவது இடத்தைப் பொதுவாக எழுதும்போதுதான். 'சென்ட்ரல் அருகே' என்று மட்டும் இருந்தால் அலுவலர் எங்கே தேடுவார்? எந்தத் தெரு, எந்தக் கடை வாசல், எந்த மேம்பாலத் தூண் என்று எழுதுங்கள். இடையில் துரத்தப்பட்டு இடம் மாறினால் உடனே அலுவலரிடம் சொல்லிவிடுங்கள்.