பாய் இறக்கினாலும் ஆபத்துதான்

2024 ஆகஸ்டில் இத்தாலியின் சிசிலி அருகே பேய்சியன் என்ற சொகுசுப் பாய்மரப் படகு மூழ்கியதற்கு, மாலுமிகள் கதவுகளைச் சாத்தாததே காரணம் என்பதுபோல் உங்கள் கட்டுரை பேசுகிறது. அந்த 70 மீட்டருக்கும் உயரமான ஒற்றைப் பாய்மரத்தை விட்டுவிட்டீர்களே! பாய் இல்லாவிட்டாலும் அந்த மரமே காற்றை வாங்கும். பாயை இறக்கி, அடியில் நீருக்குள் இறங்கும் நடுப்பலகையையும் மேலே தூக்கியிருந்த நிலையில், பக்கவாட்டில் 63.4 நாட் (knot, மணிக்கு இத்தனை கடல் மைல்) வேகத்துக்கு மேல் காற்றடித்தாலே கவிழலாம் என்கிறது பிரிட்டன் விசாரணையின் இடைக்கால அறிக்கை. சுமார் 70 பாகைக்கு மேல் சாய்ந்தால் நிமிராது. படகிலிருந்த ஆவணத்தில் இந்தக் கணக்கே இல்லையாம். அப்புறம் மாலுமிகளை மட்டும் திட்டி என்ன பயன்?

விடிகாலையில் சுமத்ரா பக்கமிருந்து திடீரென வீசும் ‘சுமத்ரா காற்று’ வரும்போது சிங்கப்பூரின் செந்தோசா படகுத்துறைப் பக்கம் போய்ப் பாருங்கள். பாயைச் சுருட்டிக் கட்டிய படகுகளும் சாயும், கயிறுகள் பாய்மரத்தில் படபடவென்று அடிக்கும். அந்தக் காற்று பெரும்பாலும் மணிக்கு 40 முதல் 80 கிலோமீட்டர்தான். 63 நாட் என்றால் கிட்டத்தட்ட 117 கிலோமீட்டர்.