வண்டி வந்ததே தெரியலைங்க

ஆறு வாரம் கழித்து நேற்றுதான் மறுபடியும் பைக்கை வெளியே எடுத்தேன். கிளட்ச் பிடிக்கும்போது இடது மணிக்கட்டு இன்னும் லேசாக முனகுகிறது. மற்றபடி நலம். "என்ன ஆச்சு, எப்படி ஆச்சு" என்று கேட்டவர்களுக்குத் தனித்தனியாகப் பதில் தட்டி அலுத்துவிட்டதால், எல்லோருக்குமாகச் சேர்த்து இங்கே எழுதிவிடுகிறேன். கொஞ்சம் நீளம்தான். வண்டி ஓட்டிக்கொண்டே படிக்காதீர்கள். கிண்டலுக்குச் சொல்லவில்லை.

நான் மெயின் ரோட்டில் நேராகப் போய்க்கொண்டிருந்தேன். வேகம் நாற்பது சொச்சம். நல்ல பகல், காய்ந்த ரோடு, ஹெட்லைட் எரிகிறது, தலையில் ஹெல்மெட். பக்கத்துத் தெருவிலிருந்து ஒரு கார் முனைக்கு வந்து நின்றது. ஓட்டியவரின் முகம் என் பக்கம் திரும்பியது. நான் அவரைப் பார்த்தேன், அவரும் என்னைப் பார்த்தார். அப்படித்தான் நினைத்தேன். சரி, வழி விடுகிறார் என்று வேகத்தைக் குறைக்காமல் போனேன். எனக்கும் அந்த முனைக்கும் நடுவே ஒரு பஸ் நீளம் இருந்திருக்கும், கார் கிளம்பிவிட்டது. பிரேக் பிடித்தது ஞாபகம் இருக்கிறது. வெள்ளை பம்பர் பெரிதாகிக்கொண்டே வந்ததும் ஞாபகம் இருக்கிறது. அப்புறம் நான் தரையில் உட்கார்ந்திருந்தேன். பக்கத்தில் சாய்ந்து கிடந்த பைக்கின் பின்சக்கரம் சாவகாசமாகச் சுற்றிக்கொண்டிருந்தது.

காரிலிருந்து இறங்கி ஓடிவந்தவருக்கு ஐம்பது வயது இருக்கும். காதில் ஒரு சின்ன ஒயர்லெஸ் பட்ஸ். அதில் யாரோ இன்னும் பேசிக்கொண்டிருந்தது எனக்கே கேட்டது. நல்ல மனிதர். பைக்கைத் தூக்கி ஓரமாக நிறுத்தினார், என் ஹெல்மெட்டின் கொக்கியைக் கழற்ற வந்தார், வேண்டாம் என்று நானே தடுத்தேன். ஆம்புலன்ஸ் வரும்வரை என் பக்கத்திலேயே குந்தியிருந்தார். என் கையைவிட அவர் கைதான் அதிகம் நடுங்கியது. "சத்தியமா தம்பி, நீங்க வந்ததே தெரியல. பாத்துட்டுத்தான் எடுத்தேன். வந்ததே தெரியலைங்க."

நான் அவரை நம்புகிறேன். என்னைப் பயமுறுத்துவதும் அதுதான். அவர் பொய் சொல்லியிருந்தால் நிம்மதியாகத் திட்டிவிட்டுப் போயிருப்பேன்.

பைக் ஓட்டும் எல்லோரும் ஒருமுறையாவது கேட்டிருக்கும் வாக்கியம் இது. இன்று நேற்று வந்ததில்லை. 1981இல் அமெரிக்காவின் தெற்கு கலிபோர்னியா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஹாரி ஹர்ட்டின் குழு ஒரு பெரிய அறிக்கை வெளியிட்டது. லாஸ் ஏஞ்சலஸ் பகுதியில் 900க்கும் மேற்பட்ட பைக் விபத்துகளை, நடந்த இடத்துக்கே போய் அளந்து, பேசி, ஆராய்ந்திருந்தார்கள். அவற்றில் நான்கில் மூன்று பங்கு, இன்னொரு வண்டியோடு மோதியவை. அப்படி மோதியவற்றில் மூன்றில் இரண்டு பங்கு விபத்துகளில் பைக்குக்கு உரிய வழியில் குறுக்கே வந்தது அந்த இன்னொரு வண்டிதான். பெரும்பாலும் கார், பெரும்பாலும் சந்திப்பு. ஓட்டியவர்கள் சொன்ன காரணம்? பார்க்கவில்லை, அல்லது பார்த்தபோது நேரம் கடந்துவிட்டது. யாருடைய பையிலும் செல்போன் இல்லாத காலம் அது.

அப்படியென்றால் போன்மேல் பழிபோடுவது தப்பா? இல்லை. போன் வருவதற்கு முன்பே இந்தப் பார்வையில் ஓட்டை இருந்தது. போன் அந்த ஓட்டையைக் கிழித்துப் பெரிதாக்கியது, அவ்வளவுதான்.

அந்த ஓட்டை என்னவென்று படுக்கையில் கிடந்த நாட்களில் நிறையப் படித்தேன். நாம் ரோட்டைப் பார்க்கும்போது ஒரு வீடியோ கேமரா மாதிரி தொடர்ச்சியாகப் பார்ப்பதில்லை. கண் தாவித் தாவித்தான் நகர்கிறது. தாவும் நேரத்தில் மூளை பார்வையை மங்கவைத்துவிட்டு, இடைவெளியைத் தானே இட்டு நிரப்பிக்கொள்கிறது. முனையில் நின்று இந்தப் பக்கம் ஒரு வெட்டு, அந்தப் பக்கம் ஒரு வெட்டு என்று தலையைத் திருப்பினால், ஒல்லியான ஒரு பைக் அந்த இடைவெளியில் விழுந்துவிடலாம். போதாததற்கு முன்கண்ணாடியின் ஓரத்தில் கூரையைத் தாங்கும் அந்தத் தூண். காரும் பைக்கும் ஒரே புள்ளியை நோக்கி ஒத்த கணக்கில் வந்தால், பைக் பல நொடிகள் அந்தத் தூணுக்குப் பின்னாலேயே ஒளிந்து வரும். லாரியே கொஞ்சம் மறையும்போது பைக் எம்மாத்திரம்? இன்னொன்று, சின்ன உருவம் வரும் வேகத்தை நம் மூளை குறைத்தே எடைபோடும். "தூரத்துலதானே வருது" என்று தோன்றும். தோன்றி முடிப்பதற்குள் வந்துவிடும்.

இதெல்லாம் கண்ணின் கதை. கண்ணில் பட்டும் மனதில் படாமல் போவது வேறு கதை. ஆஸ்திரேலியாவில் கிறிஸ்டன் பாமர் என்ற ஆய்வாளரின் குழு 2018இல் ஒரு சோதனையை வெளியிட்டது. காரோட்டியின் இருக்கையிலிருந்து தெரியும் ரோட்டுக் காட்சிகளைப் புகைப்படங்களாகக் காட்டி, ஓட்டுவதற்கு இது பாதுகாப்பான சூழலா என்று கேட்டுக்கொண்டே போனார்கள். கடைசிப் படத்தில் எதிர்பாராத ஒன்று இருக்கும். சிலருக்கு டாக்ஸி, சிலருக்கு பைக். டாக்ஸியைக் கவனிக்காமல் விட்டவர்கள் 31 சதவீதம். பைக்கைக் கவனிக்காமல் விட்டவர்கள் 65 சதவீதம். அசையாத படம், உட்கார்ந்து பார்க்கிறார்கள், பார்ப்பதைத் தவிர வேறு வேலை இல்லை. அப்படியும் இவ்வளவு பேர். நம் மூளை ரோட்டில் காரையும் பஸ்ஸையும் தேடுகிறது. தேடாத ஒன்று எதிரில் வந்து நின்றாலும் அதற்குத் தெரிவதில்லை.

இப்போது இதே தலைக்குள் ஒரு போன் பேச்சையும் வைத்துப் பாருங்கள்.

அந்த மனிதர் போனைக் கையில் பிடித்திருக்கவில்லை. இரண்டு கையும் ஸ்டியரிங்கில்தான் இருந்தன. சட்டப்படி அவர் ஒழுங்கான ஓட்டுநர். பல நாடுகளின் சட்டம் கையைத்தான் பார்க்கிறது. போன் கையில் இருந்தால் குற்றம், காதில் இருந்தால் பரவாயில்லை. ஆனால் 1997லேயே ரெடெல்மயர், டிப்ஷிரானி என்ற இருவர் கனடாவில் விபத்துகளையும் போன் பில்களையும் ஒப்பிட்டுப் பார்த்து எழுதிவிட்டார்கள்: பேசும் நேரத்தில் மோதும் அபாயம் சுமார் நான்கு மடங்கு, ஹேண்ட்ஸ்-ஃப்ரீ வைத்துப் பேசியவர்களுக்குக் குறிப்பிட்ட லாபம் எதுவும் தெரியவில்லை. அதன் பிறகு எத்தனையோ ஆய்வுகள் வந்தும், "நான் ஹேண்ட்ஸ்-ஃப்ரீதாங்க" என்பதை நாம் இன்னும் ஒரு நற்சான்றிதழ் போல நீட்டிக்கொண்டிருக்கிறோம்.

பக்கத்து சீட்டில் இருப்பவரோடு பேசுவதில்லையா என்று ஒரு நண்பர் கேட்டார். பேசலாம்தான். ஆனால் பக்கத்தில் இருப்பவருக்கும் ரோடு தெரிகிறது. சந்திப்பு வந்தால் அவரே பேச்சை நிறுத்துவார், "ஏய், பைக்" என்று ஒரு சத்தம் கொடுப்பார். போனில் இருப்பவருக்கு என்ன தெரியும்? நீங்கள் திரும்பும் அந்த நொடியில்தான் அவர் "இல்ல, நான் என்ன கேக்கறேன்னா..." என்று ஆரம்பிப்பார்.

சிக்னலில் நிற்கும்போது மட்டும்தான் மெசேஜ் பார்க்கிறேன் என்பவர்களுக்கு ஒரு கணக்கு. அமெரிக்காவில் ஏஏஏ என்ற வாகன ஓட்டிகள் சங்கத்தின் சாலைப் பாதுகாப்பு அறக்கட்டளை 2015இல் வெளியிட்ட ஆய்வின்படி, குரல் கட்டளை மாதிரியான வேலையை முடித்த பிறகும் கவனம் முழுசாகத் திரும்ப 27 நொடி வரை ஆகலாம். மணிக்கு 40 கிலோமீட்டரில் 27 நொடி என்றால் 300 மீட்டர். பச்சை விழுந்து நீங்கள் கிளம்பி, முதல் முனையைக் கடந்து, சில சமயம் இரண்டாவது முனையையும் கடந்த பிறகுதான் நீங்கள் வண்டிக்குள் வந்து உட்காருகிறீர்கள். அதுவரை வண்டியை ஓட்டியது யார் என்று எனக்குத் தெரியவில்லை.

கார்காரர் கவனம் சிதறி இன்னொரு காரை இடித்தால் பம்பர் போகும், ஏர்பேக் விரியும், இன்சூரன்ஸ்காரரோடு ஒரு வாரம் மல்லுக்கட்ட வேண்டியிருக்கும். அதே இடி எனக்கு விழுந்தால் பம்பர் என் முழங்கால்தான். உலக சுகாதார நிறுவனம் 2021ஆம் ஆண்டுக்குக் கொடுத்த கணக்கில், உலகம் முழுக்க சாலையில் இறந்தவர்கள் சுமார் 11.9 லட்சம். அதில் 30 சதவீதம், இருசக்கர, மூன்று சக்கர மோட்டார் வண்டிகளில் போனவர்கள். காரில் போனவர்களைவிட அதிகம்.

நம் ஆட்களும் உத்தமர்கள் இல்லை. ஹெல்மெட்டுக்கும் காதுக்கும் நடுவே போனைச் செருகிக்கொண்டு, தலையை ஒரு பக்கம் சாய்த்துப் போகிறவர்களைப் பார்த்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். சைலன்ஸரை மாற்றிச் சத்தம் வைத்தால் கார்காரன் கவனிப்பான் என்பதும் எனக்குச் சரிப்படவில்லை. சத்தம் பின்னால் போகிறது, ஆபத்து முன்னால் நிற்கிறது.

அன்று நான் செய்த தப்பையும் சொல்லிவிட வேண்டும். நான் அவர் முகத்தைப் பார்த்தேன். பார்த்திருக்க வேண்டியது கார் டயரை. எனக்கு ஓட்டக் கற்றுக்கொடுத்த மாமா சொல்லிக்கொண்டே இருப்பார், "மூஞ்சிய நம்பாத, சக்கரத்தப் பாரு" என்று. கார் அசைவது கண்ணுக்குத் தெரிவதற்கு முன்பே சக்கரம் காட்டிக்கொடுத்துவிடும். டயரின் மேல்விளிம்பு காரின் வேகத்தைப்போல இரண்டு மடங்கு வேகத்தில் நகரும் என்பது பள்ளிக்கூட இயற்பியல்தான். இருபது வருஷமாகத் தெரிந்த விஷயம். அன்று ஒரு முகம் என் பக்கம் திரும்பியதும் மனசு லேசாகிவிட்டது. இப்போது முனையில் ஒரு கார் நின்றால் இரண்டு விரல் தானாக பிரேக்மேல் போகிறது, லேனுக்குள்ளேயே கொஞ்சம் அந்தப் பக்கம் ஒதுங்கி இடைவெளி எடுத்துக்கொள்கிறேன். சிக்னலில் கடைசி ஆளாக நின்றால் கியரை எடுப்பதில்லை, நடு லேனில் நிற்பதில்லை, பின்னால் ஒரு வண்டி வந்து முழுசாக நிற்கும்வரை கண்ணாடியிலிருந்து கண்ணை எடுப்பதில்லை. பிரேக் விளக்கை இரண்டு முறை மினுக்கி, நான் இங்கே இருக்கிறேன் என்று சொல்லிக்கொள்கிறேன். ஒருவர் கவனிக்காததற்கு இன்னொருவர் இவ்வளவு வேலை செய்ய வேண்டியிருக்கிறது பாருங்கள்.

அந்த மனிதரிடம் நான் ஏன் கத்தவில்லை என்று தங்கை கேட்டாள். கத்த வாய் வரவில்லை. மூன்று வருஷத்துக்கு முன்னால் அவர் இடத்தில் நான் இருந்தேன்.

மழை நாள் என்பதால் பைக்கை விட்டுவிட்டு காரை எடுத்திருந்தேன். ஆபீஸ் கால். ஸ்பீக்கரில் ஏதோ ஒரு தேதியைத் தள்ளிப்போடுவதைப் பற்றிக் காரசாரமாகப் போய்க்கொண்டிருந்தது. ஒரு சந்திப்பில் குறுக்கே திரும்பினேன். கிறீச்சென்று ஒரு சத்தம். என் கதவுக்கு ஒரு முழம் தள்ளி ஒரு பைக் நின்றிருந்தது. நான் நிறுத்தியதால் இல்லை, அந்தப் பெண் நிறுத்தியதால். ஹெல்மெட் கண்ணாடியை மேலே தூக்கி என்னைப் பார்த்தார். கோபம்கூட இல்லை, மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது. நான் கண்ணாடியை இறக்கிச் சொன்னது என்ன தெரியுமா? "ஸாரிங்க, வந்ததே தெரியல." ஸ்பீக்கரில் மேனேஜர், "ஹலோ, லைன்ல இருக்கீங்களா?" என்று கேட்டுக்கொண்டிருந்தார். பைக்கும் ஓட்டத் தெரிந்த கார்காரர்களால் பைக்குகளுக்கு ஆபத்து குறைவு என்று ஆய்வுகள் சொல்கின்றன. உண்மையாக இருக்கும். அன்று எனக்கு அது உதவவில்லை. பைக் ஓட்டத் தெரிந்த மண்டை முழுக்க அந்தத் தேதியில் இருந்தது.

அன்றிலிருந்து காரில் ஏறினால் போன் பின் சீட்டில் கிடக்கும் கைப்பைக்குள் போய்விடும். மேப் தேவைப்பட்டால் கிளம்பும் முன்பே ஒருமுறை முழு வழியையும் பார்த்துக்கொள்வேன். தொலைந்துபோயிருக்கிறேன், நிறையத் தடவை. வீட்டில் முதலில் சண்டை வந்தது, "அவசரத்துக்கு எடுக்க மாட்டியா" என்று. இப்போது பழகிவிட்டார்கள்.

எனக்கு இன்னும் பழகாதது, நான் கூப்பிடும் இடத்தில் இருப்பவர்கள். ஓட்டுகிறவரைப் பற்றி இவ்வளவு பேசுகிறோம், அவரோடு பேசிக்கொண்டிருக்கும் ஆளைப் பற்றி யாரும் பேசுவதில்லை. என்மேல் மோதியவரின் காதில் இருந்த அந்தக் குரல் யாருடையது என்று எனக்குத் தெரியாது. அந்த ஆளுக்கு ஒருவேளை இன்றுவரை விஷயமே தெரியாமல் இருக்கலாம். அதனால் இப்போதெல்லாம் யாரைக் கூப்பிட்டாலும் முதல் கேள்வி, "நிக்கிறியா, ஓட்டுறியா?" பாதிப் பேர் சிரிக்கிறார்கள். "அட பேசுப்பா, ஹேண்ட்ஸ்-ஃப்ரீதான்" என்பார்கள். வைத்துவிடுவேன்.

போன வாரம் காலேஜ் நண்பன் ஒருவனைக் கூப்பிட்டேன். "சொல்றா, சும்மாதான் இருக்கேன், வீட்லதான்" என்றான். அவன் குரலுக்குப் பின்னால் டிக், டிக், டிக் என்று இண்டிகேட்டர் அடித்துக்கொண்டிருந்தது. எங்கேயோ திரும்பப் போகிறான். ஒரு வார்த்தை சொல்லாமல் கட் பண்ணிவிட்டேன். திரும்ப மூன்று முறை கூப்பிட்டான், எடுக்கவில்லை. ராத்திரி வீட்டுக்குப் போய்ச் சேர்ந்திருப்பான் என்று தோன்றிய பிறகுதான் நானே கூப்பிட்டேன். அவன் எடுக்கவில்லை. இன்னும் கோபத்தில்தான் இருக்கிறான். இதைப் படிப்பான் என்று நினைக்கிறேன்.