ஆக்சிஜன் செலவு கூடினால் ஆற்றல் உற்பத்தியும் கூடிவிடாது

எலியின் கல்லீரலிலிருந்து பிரித்தெடுத்த மைட்டோகாண்ட்ரியாவில் (செல்லுக்கு ஆற்றல் தரும் நுண்ணுறுப்பில்) டைநைட்ரோபீனால் என்ற வேதிப்பொருளைச் சேர்த்ததும் ஆக்சிஜன் நுகர்வு பெருகுவதைக் காட்டி, அது ஆற்றல் உற்பத்தியைத் தூண்டுகிறது என்று சொல்வது தவறான முடிவு. நுகர்வு பெருகுவது உண்மை, காரணம்தான் வேறு.

மைட்டோகாண்ட்ரியாவுக்கு எரிபொருளான சக்சினேட் மட்டும் இருக்கும்போது, ஆக்சிஜன் அளவைக் காட்டும் மின்முனை வரையும் கோடு மெல்லச் சரியும். அடினோசின் டைபாஸ்பேட்டைச் சேர்த்தால் செங்குத்தாக இறங்கி, அது செல் ஆற்றலைச் சேமிக்கும் வடிவமான அடினோசின் ட்ரைபாஸ்பேட்டாக மாறித் தீர்ந்ததும் மீண்டும் மெதுவாகும். 1955இல் சான்ஸ், வில்லியம்ஸ் என்ற ஆய்வாளர்கள் வகுத்த இந்த நிலைகளின் வேக விகிதத்தை வைத்தே மைட்டோகாண்ட்ரியா பழுதின்றி இருக்கிறதா என்று இன்றும் சோதிக்கிறார்கள். டைநைட்ரோபீனால் சேர்த்தாலோ கோடு ஆக்சிஜன் தீரும்வரை இறங்கிக்கொண்டே போகும். ஏனெனில் அது, ஆக்சிஜன் செலவில் வெளியே தள்ளப்பட்ட புரோட்டான்களை மைட்டோகாண்ட்ரியாவின் உட்சவ்வின் வழியே உள்ளே திருப்பிக் கொண்டுவந்து, ட்ரைபாஸ்பேட்டை உருவாக்கும் நொதியைச் சுழற்ற வேண்டிய புரோட்டான் சரிவையே (சவ்வின் இருபுறமும் உள்ள புரோட்டான் வேறுபாட்டையே) குலைத்து, ஆற்றலை வெப்பமாக வீணாக்குகிறது. ஆலிகோமைசின் என்ற தடுப்புப் பொருளால் அந்த நொதியை அடைத்த பிறகும் இந்த வேகம் நீடிப்பதே தெளிவான சான்று. அடைக்காமல் விட்டால், சரிவு குலைந்த நிலையில் அதே நொதி எதிர்த்திசையில் இயங்கி, இருக்கும் ட்ரைபாஸ்பேட்டையும் சிதைக்கும்.

இதை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம், 1930களில் அமெரிக்காவில் உடல் எடையைக் குறைக்க டைநைட்ரோபீனாலை உட்கொண்டவர்களில் சிலர் உடல் வெப்பம் கட்டுக்கடங்காமல் ஏறி இறந்திருக்கிறார்கள் என்பதுதான். இதற்கென்று தனி முறிமருந்து எதுவும் இல்லை.