அப்பாவுக்கு வண்டி ஓட்டத் தெரியலைன்னு இனி என்கிட்ட யாரும் சொல்லாதீங்க

"வயசாயிடுச்சு, இனி அவருக்கு எதுக்கு ஸ்டியரிங்?" ஒரு மாசமா வீட்டுக்கு வர்றவங்க எல்லாரும் இதையேதான் சொல்றாங்க. கேட்கக் கேட்க வயிறு எரியுது.

எங்க அப்பாவுக்கு 73 வயசு. ஊர் செங்கோட்டை. அத்தையைக் கேரளாவுல புனலூர்ல கட்டிக்கொடுத்திருக்கு. நல்லது கெட்டது எதுன்னாலும் புளியரை, கோட்டைவாசல், ஆரியங்காவு, தென்மலைன்னு மலை ஏறி இறங்கித்தான் போகணும். 1998-ல வாங்கின மாருதி 800-லதான் அவ்வளவு வருஷமும் போனார். 796 சிசி, நாலே நாலு கியர். மார்கழிக் காலையில சோக்கை இழுத்து, அது இருமி முடிக்கிற வரைக்கும் பொறுமையா உட்கார்ந்திருப்பார். புளியரை எஸ் வளைவுல முன்னால வைக்கோல் லாரி நின்னுட்டா, அரை கிளட்ச்சுல வண்டியை ஆணி அடிச்ச மாதிரி நிறுத்தி வைப்பார். பின்னால ஒரு சாண் உருளாது. அஞ்சு வருஷத்துக்கு ஒருக்கா டாக்டர் சர்டிபிகேட் வாங்கி லைசென்ஸைப் புதுப்பிக்கிற மனுஷன் அவர்.

அந்த 800 உற்பத்தியையே 2014-ல நிறுத்திட்டாங்க. மெக்கானிக் ஒவ்வொரு சாமானுக்கும் அலைய ஆரம்பிச்சார். தம்பி ஊருக்கு வந்தப்போ எக்ஸ்சேஞ்ச்ல கொடுத்துட்டு ஏஎம்டி வண்டி, அதாவது தானே கியர் மாத்திக்கிற வண்டி ஒண்ணு எடுத்துக் கொடுத்தான். கிளட்ச் மிதிக்க வேண்டாம், அப்பா முட்டுக்கு நல்லதுன்னு அவன் நினைச்சது நியாயம்தான்.

என் கோபம் அந்த ஷோரூம் மேல. மாலை போட்டாங்க, கேக் வெட்டினாங்க, பெரிய அட்டைச் சாவியைக் கையில கொடுத்து போட்டோ எடுத்தாங்க. அப்புறம் ஒரு பையன் வந்து அரை மணி நேரம் ப்ளூடூத்தை எப்படி இணைக்கிறதுன்னு விளக்கினான். அப்பா கிட்ட இருக்கிறது பட்டன் போன்! மலையில இந்த வண்டியை எப்படி ஓட்டணும்னு ஒரு வார்த்தை சொல்லலை. இடது கால் இனிமே எங்க இருக்கணும்னுகூடச் சொல்லலை. நாற்பது வருஷமா கிளட்ச் மிதிச்ச கால் அது. அதுக்கு யார் சொல்லிக் கொடுப்பாங்க?

முதல் தடவை புனலூருக்குக் கிளம்பினோம். எஸ் வளைவு ஏத்தத்துல முன்னால லாரி நின்னுச்சு. அப்பாவும் நிறுத்தினார். லாரி நகர்ந்ததும் பிரேக்ல இருந்து காலை எடுத்தார். ரெண்டு விநாடி வண்டி தானா பிடிச்சு நின்னுச்சு, அப்புறம் பின்னால உருள ஆரம்பிச்சது. உடனே இடது கால் கிளட்ச்சைத் தேடி ஓங்கி மிதிச்சுது. அங்க இருந்தது பிரேக். நான் டேஷ்போர்டுல போய் முட்டினேன். பின்னால கேரளா பஸ் கத்துது. அப்பா கையைப் பார்த்தேன், ஸ்டியரிங் மேலேயே நடுங்குது. அந்தக் கை நடுங்கி நான் பார்த்ததே இல்லை.

ஆரியங்காவுல ஒரு டீக்கடைகிட்ட ஓரங்கட்டினோம். அங்க நின்ன மலையாள டாக்சி டிரைவர் ஒருத்தர் "எந்து பற்றி சேட்டா?" (என்ன ஆச்சு அண்ணே?)ன்னு வந்தார். விஷயத்தைக் கேட்டுட்டு அப்பா பக்கத்துல உட்கார்ந்தார். கிளட்ச் உள்ளேதான் இருக்கு, உங்க காலுக்குப் பதிலா மோட்டார் மிதிக்குதுன்னார். இடது காலை சீட்டுக்கு அடியில மடக்கி வச்சிருங்கன்னார். ஏத்தத்துல நின்னா ஹேண்ட் பிரேக்கை இழுத்துக்கிட்டு, ஆக்சிலேட்டர் கொடுத்து வண்டி இழுக்க ஆரம்பிச்சதும் விடுங்க. இறக்கத்துல தானே கியர் மாத்துற 'டி'-லேயே விட்டுட்டு பிரேக்கையே மிதிச்சுக்கிட்டு வராம, லீவரை நாமளே கியர் மாத்துற 'எம்' பக்கம் தள்ளி ரெண்டாவது கியர்ல பிடிச்சுக்கோங்க, இன்ஜினே இழுத்துப் பிடிக்கும். பத்தே நிமிஷம். அப்பா முகம் தெளிஞ்சிருச்சு. "கியர் இருக்குன்னு முதல்லயே சொல்லியிருக்கலாமே தாயி"ன்னார். இதைச் சொல்ல ஷோரூம்ல ஒரு ஆள் இல்லையா?

அடுத்தது டேஷ்போர்டுல இருக்கிற அந்தத் தொடுதிரை. தென்மலை தாண்டினதும் சாரல் பிடிச்சு முன்கண்ணாடி உள்பக்கம் ஆவி படிஞ்சிருச்சு. பழைய வண்டியா இருந்தா ரோட்டுல இருந்து கண்ணை எடுக்காமலே குமிழைத் தடவித் திருப்பியிருப்பார். இதுல காத்தைக் கண்ணாடிப் பக்கம் திருப்பணும்னாலும் திரையில ஒரு படத்தைத் தேடித் தொடணும். வளைவுல அதை எப்படித் தேடறது? தோள் துண்டை எடுத்துத் துடைச்சுக்கிட்டே ஓட்டினார். ஐரோப்பாவுல கார் பாதுகாப்பைச் சோதிச்சு நட்சத்திரம் கொடுக்கிற யூரோ என்கேப் அமைப்பு 2026-ல இருந்து இண்டிகேட்டர், வைப்பர், ஹாரன் மாதிரி முக்கியமானதுக்கெல்லாம் கையால தொட்டு இயக்குற சுவிட்ச் இல்லாத காருக்கு அஞ்சு நட்சத்திரம் கஷ்டம்னு ஆக்கிட்டாங்க. அவங்களுக்கே புரிஞ்சிருக்கு. நம்ம ஊர்ல திரை பெருசா இருந்தா விலையைக் கூட்டுறாங்க.

சத்தம் வேற. அத்தை கொடுத்த பலாப்பழத்தை முன் சீட்டுல வச்சா பெல்ட் போடலைன்னு கத்துது. எங்க தெருவுல ரிவர்ஸ் எடுத்தா ரெண்டு பக்கத்துத் திண்ணைக்கும் சேர்த்துக் கத்துது. வேகம் 80 கிலோமீட்டர் தாண்டினா மணி அடிக்கிறது 2019 ஜூலையில இருந்து சட்டம், அது நல்லதுக்குத்தான், ஒத்துக்கிறேன். ஆனா எந்தச் சத்தம் எதுக்குன்னு உட்கார வச்சு ஒருத்தராவது சொன்னாங்களா? ஒவ்வொரு சத்தத்துக்கும் அவர் தான் ஏதோ தப்புப் பண்ணிட்டதா நினைச்சு வேகத்தைக் குறைக்கிறார். அதைப் பார்த்துட்டுத்தான் "தடுமாறுறார்"னு சொல்றாங்க.

நேத்து ராத்திரி தம்பி போன் பண்ணி, மாசச் சம்பளத்துக்கு டிரைவர் போட்டுடலாம்னான். அப்பா பக்கத்துலதான் இருந்தார், காதுல விழுந்துச்சு. ஒண்ணும் சொல்லாம எழுந்து போய் சாவியை ஆணியில மாட்டிட்டார். எனக்கு அழுகை வந்துருச்சு. நீயும் நானும் அவர் மடியில உட்கார்ந்து ஸ்டியரிங் பிடிச்சவங்கடா. அவருக்குக் கத்துக்க ஒரு மாசம் கொடுக்க நமக்கு மனசில்லையா?

காலையில நானே அந்தச் சாவியை எடுத்து அவர் கையில வச்சேன். சனிக்கிழமை விடியறதுக்கு முன்னாடி, லாரி வரத்து குறைஞ்ச நேரமாப் பார்த்து எஸ் வளைவுக்குப் போறோம். ஏத்தத்துல நிறுத்தி நிறுத்தி எடுத்துப் பழகப் போறோம். அப்பாதான் ஓட்டுவார்.