கோடைக்குக் காரணம் தூரம் இல்லை

பூமி சூரியனுக்கு அருகில் வருவதால்தான் கோடை என்று உங்கள் கட்டுரையில் ஒரு வரி இருக்கிறது. தயவுசெய்து திருத்துங்கள், பிள்ளைகள் அதையே பிடித்துக்கொள்வார்கள். பூமி சூரியனுக்கு மிக அருகில், சுமார் 14.7 கோடி கிலோமீட்டரில், வருவது ஜனவரி முதல் வாரத்தில். அப்போது எங்கள் தர்மபுரியில் மார்கழிக் குளிர்! ஜூலையில் 15.2 கோடி கிலோமீட்டருக்கு விலகிப் போகிறது.

பருவங்களை உண்டாக்குவது பூமியின் அச்சு சுமார் 23.4 பாகை சாய்ந்திருப்பதுதான். அந்தச் சாய்வால் ஏப்ரல் 22 வாக்கில் நண்பகலில் சூரியன் எங்கள் ஊருக்கு நேர் உச்சியில் நிற்கிறது. வாசலில் செங்குத்தாக ஒரு கம்பை நட்டு, 12.15 மணியை ஒட்டிப் பாருங்கள், பக்கத்தில் நிழலே விழாது. ஆகஸ்ட் 21 வாக்கிலும் இதே நடக்கும், ஆனால் அப்போது மேகம் வழிவிட வேண்டும். கிருஷ்ணகிரி கொஞ்சம் வடக்கே இருப்பதால் அங்கே ஓரிரு நாள் முன்பின் ஆகும்.

அப்புறம், பிறை தேய்வது பூமியின் நிழலால் என்று நினைப்பவர்கள் வளர்பிறை அஷ்டமியன்று மாலை நாலு மணிக்கு வானத்தைப் பார்க்கட்டும். மேற்கே சூரியன், கிழக்கே அரைநிலா, இரண்டும் ஒரே நேரத்தில் தெரியும். பூமியின் நிழல் அங்கே எப்படிப் போகும்? அது நிலவில் விழுவது பௌர்ணமியில் வரும் சந்திர கிரகணத்தில் மட்டும்தான்.