எங்கள் சன்னலில் ஒட்டியிருக்கும் இரண்டு பல்லிகள்

போன வாரம் ஒட்டுக்கடையில் தே தாரேக் குடித்துக்கொண்டிருந்தபோது பேச்சு செம்மோர் பக்கத்துச் சுண்ணாம்புக் குன்றுகள் மீது திரும்பியது. குனோங் கந்தான் குகையில் ஒரு தனி வகைப் பல்லி இருக்கிறது, அதற்கு 2014இல்தான் பெயர் வைத்தார்கள் என்றேன். "பல்லி பல்லிதானே அண்ணே, அதுல எதுக்கு இத்தனை பேரு?" என்று ஒரு தம்பி கேட்டார். கெட்ட எண்ணத்தில் கேட்கவில்லை. சுங்கை சிப்புட்டில் லயத்து வீட்டில் வளர்ந்த நமக்கு எல்லாமே பல்லிதான், மலாய்க்காரர்களுக்கு சீச்சாக். ஆனால் அந்தக் கேள்வி வீடு வரை என்னுடன் வந்துவிட்டது. அதனால்தான் இந்தப் பதிவு.

எங்கள் அடுக்களைச் சன்னலுக்கு வெளியே ஒரு டியூப்லைட் இருக்கிறது. ஈசல் மொய்க்கும் இரவில் உள்ளே விளக்கை அணைத்துவிட்டு நின்றால், கண்ணாடியில் ஒட்டியிருக்கும் பல்லிகளின் அடிவயிறு தெரியும். சினைப்பல்லியாக இருந்தால் தோலுக்குள் இரண்டு வெள்ளை முட்டைகள்கூடத் தெரியும். இரண்டு வகைப் பல்லிகள் வருகின்றன. ஒன்று எல்லோருக்கும் தெரிந்தது: வாலைச் சுற்றிச் சின்னச் சின்ன முள், 'சிக் சிக்' என்ற சத்தம். இன்னொன்றுக்கு வால் தட்டை, அதன் இரு ஓரமும் ரம்பம் போல. விலாவில் தோல் மடிப்பு, விரல்களுக்கு நடுவே கொஞ்சம் சவ்வு. இந்தத் தட்டைவாலை முன்பு 'கோசிம்போட்டஸ்' என்று தனிப் பேரினத்தில் (நெருங்கிய சொந்தமான இனங்களின் தொகுதி) வைத்திருந்தார்கள். மரபணுவை ஒப்பிட்டபோது அது வீட்டுப்பல்லியின் பேரினமான 'ஹெமிடாக்டைலஸ்' வம்ச மரத்துக்குள்ளேயே கிளைத்த கொப்பு என்று தெரிந்தது. பெயரை மாற்றிவிட்டார்கள். இரண்டின் விரலடியையும் கண்ணாடி வழியே பாருங்கள். தகடுகள் நடுவில் பிளந்து இரட்டை வரிசையாக இருக்கும்.

தோல் மடிப்பு என்றதும் காட்டில் இருக்கும் பறக்கும் பல்லி சிலருக்கு நினைவுக்கு வரும். மரப்பட்டையோடு பட்டையாக ஒட்டிக்கிடந்து, தாவும்போது விலாத் தோலை விரித்துக் காற்றில் இறங்குமே, அதுதான். தட்டைவாலுக்கு அதுதான் அண்ணன் என்று நானும் நெடுநாள் நம்பியிருந்தேன். இல்லை. பறக்கும் பல்லிகளுக்கென்று இருந்த 'டைகோசூன்' பேரினத்தை, ஆயிரக்கணக்கான மரபணுப் பகுதிகளை ஒப்பிட்ட ஆய்வு ஒன்று 2020இல் 'கெக்கோ' பேரினத்துக்குள் சேர்த்தது. அதாவது அதன் நெருங்கிய சொந்தம், ராத்திரியில் ஊரையே எழுப்புகிற தொக்கே என்ற பெரிய பல்லி. சாடை ஒன்று, சொந்தம் வேறு.

தோட்டத்தில் இதைப் புரிந்துகொள்வது சுலபம். முப்பது வருடம் பால்மரம் சீவிய தாத்தாக்களுக்கு முதுகு ஒரே மாதிரிதான் வளைந்திருக்கும். விடிகாலைப் பனியில் தூரத்திலிருந்து பார்த்தால் என் தாத்தா எது, அடுத்த லயத்துத் தாத்தா எது என்று எனக்கே தெரியாது. அந்தக் கூனல் வேலை கொடுத்தது, பிறப்பு கொடுத்ததல்ல.

பல்லியின் விரலும் அப்படித்தான் அறிஞர்களை ஏமாற்றியது. 1758இல், உயிர்களை வகைப்படுத்திப் பெயர் வைத்த லின்னேயஸ் என்ற அறிஞர் தொக்கேக்குப் பெயர் வைத்தபோது ஓணான், உடும்பு, முதலை எல்லாவற்றையும் 'லாசெர்ட்டா' என்ற ஒரே பேரினத்தில் போட்டிருந்தார். அப்புறம் வந்தவர்கள் விரலைப் பார்த்துப் பிரித்தார்கள். பல்லிப் பெயர்கள் பல 'டாக்டைலஸ்' என்று முடிவது அதனால்தான். கிரேக்கத்தில் விரல் என்று பொருள். சுவரில் ஒட்டுகிற விரல் இருந்தால் ஒரே வம்சம் என்று நினைத்தார்கள். ஆனால் 2012இல் வந்த ஒரு மரபணு ஆய்வின் கணக்குப்படி, ஒட்டும் விரல் பல்லிகளில் 11 முறை தனித்தனியாகத் தோன்றியிருக்கிறது, 9 முறை மறைந்தும் போயிருக்கிறது. வழுக்கும் சுவரும் இலையும் கேட்டபோதெல்லாம் வெவ்வேறு வம்சங்கள் அதே விடையைக் கண்டுபிடித்திருக்கின்றன.

எனக்கு மிகவும் பிடித்த உதாரணம் ஆஸ்திரேலியாவில் இருக்கிறது. அங்கே பைகோபோடிடே என்று ஒரு குடும்பம். முன்கால் கிடையாது, பின்கால் வெறும் செதில் மடல். பார்த்தால் பாம்பு என்று தடியைத் தேடுவோம். அது பல்லி வம்சம். நாக்கால் கண்ணை நக்கித் துடைக்கும், குரல் கொடுக்கும். அதே ஆஸ்திரேலியாவில் நான்கு காலும் ஒட்டும் விரலுமாக, நம் வீட்டுப்பல்லி போலவே இருக்கும் டிப்ளோடாக்டைலிடே பல்லிகளுக்கு, இந்தக் காலில்லாததுதான் நம் வீட்டுப்பல்லியைவிட நெருங்கிய சொந்தம்! முதல் தடவை படித்தபோது புத்தகத்தை மூடிவைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன்.

சரி, குன்றுக்கு வருகிறேன். கந்தான் குகைப் பல்லியும் சேர்ந்த, வளைவிரல் பல்லிகள் என்று நான் அழைக்கும் 'சிர்டோடாக்டைலஸ்' பேரினத்தில் இன்று 300க்கு மேற்பட்ட இனங்கள் உண்டு. பினாங்கிலிருந்து 1827இல் பெயர் பெற்ற ஓர் இனம் தீபகற்பம் முழுக்க இருப்பதாக நெடுங்காலம் எழுதிவந்தார்கள். 2012இல் ஊர்வன ஆய்வாளர் லீ கிரிஸ்மர் குழுவினர் உடலமைப்பையும் மரபணுவையும் சேர்த்துப் பார்த்து, அதிலிருந்து ஏழு புதிய இனங்களைப் பிரித்தார்கள். அதில் ஒன்று நம் தைப்பிங்குக்கு மேலே லாருட் மலையில் வாழ்வது. பிந்தாங் மலைத்தொடரின் உயரத்தில் இருப்பதால் 'பிந்தாங்திங்கி' என்று பெயர். அடிவாரத்தில் இருப்பது 'பிந்தாங்ரெண்டா'. மலாய் தெரிந்த யாருக்கும் பெயரிலேயே முகவரி புரியும்.

தம்பிக்கு என் பதில் இதுதான். குன்றில் வாழும் பல்லிக்கு அந்தக் குன்று ஒரு தீவு. சுற்றிலும் செம்பனை, நெடுஞ்சாலை. இறங்கி நடந்து அடுத்த குன்றுக்குக் குடிபோக அதனால் முடியாது. எல்லாவற்றையும் 'பல்லி' என்று ஒரே பெயரில் எழுதியிருந்த காலத்தில், கல்லுக்காக ஒரு குன்றை உடைத்தால் கணக்கில் எதுவும் குறையவில்லை. தனிப் பெயர் வந்த பிறகுதான் எது குறைகிறது என்று கேட்க முடிகிறது. அதனால் வெடி வைக்கும் முன்பு ஒவ்வொரு குன்றிலும் யார் குடியிருக்கிறார்கள் என்று பார்த்தாக வேண்டும் என்கிறேன். நம் தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகளுக்கும் 'பல்லி ஓர் ஊர்வன' என்பதோடு நிறுத்தாமல், சுவரில் இருப்பது எந்தப் பல்லி, அதன் சொந்தம் எது என்று காட்ட வேண்டும். செலவு ஒன்றும் இல்லை. ஒரு சன்னலும் ஒரு விளக்கும் போதும்.

நேற்று ராத்திரி கண்ணாடிக்கு இந்தப் பக்கமிருந்து தட்டைவாலைப் படம் எடுத்துப் போட்டிருக்கிறேன். உங்கள் வீட்டிலும் இருக்கக்கூடும். வால் ஓரத்தைப் பாருங்கள், ரம்பம் போல இருந்தால் ஊர் பெயரோடு கீழே படம் போடுங்கள்.